இரண்டாவது கியரில் ஒரு மலை

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெரிய வேலை எது எடுத்தாலும் தேதி போட்டுக் குறிப்பு எழுதி வைப்பது என் பழக்கம். எந்தக் குழாய் எந்த வழியாகப் போனது, எந்த போல்ட்டை மாற்றினேன் என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதையும் அப்படியே எழுதத் தொடங்குகிறேன்.

காலையில் தாரணி வந்தாள். என் தங்கை. விபத்துக்குப் பிறகு, இந்த இரண்டு வருடத்தில், கணபதியில் இருக்கும் என் பட்டறைக்குள் அவள் வருவது இதுதான் முதல் தடவை. இடது கணுக்காலைச் சேர்த்து ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். அது இனி மடங்காது. மற்றபடி நன்றாக நடக்கிறாள். பம்ப் கம்பெனியில் டிசைன் பிரிவு வேலைக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறாள்.

வந்தவள் நேராக மூலைக்குப் போய், அந்த வெள்ளைக் காரை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்தாள். விபத்தில் நசுங்கிய முகப்பையும் கதவையும் எப்போதோ சரிசெய்து பெயின்ட்டும் அடித்துவிட்டேன். யாரும் கேட்காமல் எதற்குச் செய்தேன் என்று அவளும் கேட்கவில்லை.

"அண்ணா, டிசம்பர்ல கார் மலையேத்தப் போட்டி நடத்தறாங்க. பேரு குடுத்துட்டேன்."

"எந்த மலைல?"

"அதே எஸ்டேட் ரோடுதான்."

நான் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் பையிலிருந்து சுருட்டிய வரைபடத்தை எடுத்து பானெட் மேல் விரித்தாள்.

"இதுல ஒரு டர்போ இருக்குது. எனக்கு ரெண்டு வேணும்."

டர்போ என்பது, எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற விசிறி. எங்கள் காரில் இருப்பது பெரியது. நிறையக் காற்றைத் தரும், ஆனால் எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் விழிக்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் விழுந்தால் அது தூங்கிவிடும். அதை எழுப்ப ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்து முதல் கியருக்கு இறங்க வேண்டும். கிளட்ச் இடது காலுக்கு.

"சின்னதா இன்னொண்ணு மாட்டு. வளைவுல சின்னது இழுத்துக் குடுக்கும், வேகம் வந்ததும் பெருசு வாங்கிக்கும். கெளம்பறப்ப ஒருக்கா கிளட்ச் மிதிச்சாப் போதும். அப்பறம் உச்சி வரைக்கும் ரெண்டாவது கியர்லயே போயிருவேன்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரேஸ்னு சொல்லித்தான் கேட்டேன். வலிச்சா நிறுத்திக்கோன்னாரு."

"நாலு மாசத்துல முடியறது கஷ்டம்."

"முடியாதுன்னா சொல்லீரு. வேற பட்டறைக்குப் போறேன்."

முடியாது என்று நான் சொல்லவில்லை. வரைபடம் நன்றாக இருந்தது. அதுதான் பிரச்சினை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எஞ்சினை இறக்கினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

யூசுப் வந்திருந்தான். கரும்புக்கடையில் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே ஐடிஐ. எஞ்சினின் நான்கு வாய்களிலிருந்தும் புகையை வாங்கி இரண்டு டர்போவுக்கும் பிரித்து அனுப்பும் குழாய்க் கூட்டம் ஒன்றை அவன் செய்ய வேண்டும். நடுவில் ஒரு கதவு. கதவு மூடியிருக்கும் வரை புகை சின்னதற்குப் போகும். திறந்தால் பெரியதற்கு.

தாரணியும் யூசுப்பும் ஸ்டீல் குழாய்த் துண்டுகளை வைத்து மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் பெரிய டர்போவுக்கு எஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவே இருக்கும் தகட்டை ஒட்டித்தான் இடம் கிடைத்தது.

"அங்க அடுப்பு மாதிரி சூடாகும் நவநீதா," என்றான் யூசுப்.

"சூட்டைத் தடுக்கற தகடு வெச்சுக்கலாம்," என்றேன்.

மதியம் மூவரும் பிரியாணி சாப்பிட்டோம். தாரணி இவ்வளவு சாப்பிட்டுப் பார்த்து எத்தனை நாளாயிற்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

யூசுப் செய்துவந்த கதவைத் திருப்பி அனுப்பினேன். மூடும்போது ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரிகிறது.

சாப்பிடும்போது என் மனைவி சுபத்ரா கேட்டாள். "போன வாரமும் அதத்தான திருப்பி அனுப்புனீங்க?"

"போன வாரம் வேற எடத்துல இடைவெளி."

"தாரணி இங்க வந்து புலம்பிட்டுப் போனா. யூசுப்பண்ணன் செஞ்ச வேலைய நீங்க இத்தன வருசத்துல திருப்பி அனுப்பி நான் பாத்ததில்ல."

நல்ல வேலைக்கு நேரம் பிடிக்கும். சுபத்ரா வங்கியில் வேலை செய்கிறாள். அவளுக்கு இது புரியாது.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்றாவது கதவு. குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாட்டினேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எஞ்சின் ஓடியது!

ஓடிய அடுத்த நிமிடமே சைலன்சரிலிருந்து புகை. நீலமும் வெள்ளையுமாக அப்படி ஒரு புகை. எதிரே டயர் கடைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து வாளியில் தண்ணீரோடு ஓடிவந்தார். தெரு முழுக்க இருமல்.

அணைத்துவிட்டுப் பார்த்தோம். சின்ன டர்போவுக்கு ஆயில் மேலிருந்து அழுத்தத்தோடு போகிறது. திரும்பி வரும்போது அதற்கு அழுத்தம் கிடையாது, தானாக வடிய வேண்டும். நான் வைத்த திரும்பும் குழாய் படுக்கைவாட்டில் இருந்தது. வடிய வழியில்லாமல் தேங்கிய ஆயில் விசிறிக்குள் புகுந்து எரிந்திருக்கிறது. இத்தனை வருடம் டர்போ மாட்டுகிறவன் செய்கிற தப்பா இது?

தாரணி காரின் அடியில் படுத்துக்கொண்டே சிரித்தாள். சத்தமாக, நிறுத்த முடியாமல். முகமெல்லாம் ஆயில். "கொசு மருந்து அடிக்கற வண்டி மாதிரி இருந்துதுண்ணா!" டயர் கடைக்காரரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

குழாயைச் சரிவாக்கி மாட்டினோம். புகை நின்றது. இரண்டு விசில் சத்தம் கேட்கிறது. ஒன்று மெல்லியது, சட்டென்று கிளம்புகிறது. இன்னொன்று அடித்தொண்டையிலிருந்து தாமதமாக வருகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஸ்பேனர்களைக் கழுவி அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தோம். யூசுப்புக்குப் பொரியும் சுண்டலும் தனியாக எடுத்து வைத்தாயிற்று. சுபத்ரா காருக்குப் பொட்டு வைத்துவிட்டு, இரண்டு டர்போவுக்கும் தனித்தனியாக வைக்க வேண்டுமா என்று கேட்டாள். தாரணி, "வைங்க அண்ணி, ஒண்ணுக்கு மட்டும் வெச்சா இன்னொண்ணு கோவிச்சுக்கும்," என்றாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

காரை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் கூடத்துக்கு எடுத்துப்போனோம். சின்னது பிரமாதமாக இழுக்கிறது. பெரியதும். ஆனால் ஒன்று விட்டு இன்னொன்று வாங்குகிற இடத்தில் திரையில் கோடு பள்ளத்தில் விழுந்து, உடனே செங்குத்தாக ஏறியது.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். போன தடவை அந்த எஸ்டேட் சாலையில், வளைவிலிருந்து வெளியே வரும்போது சக்தி இப்படித்தான் மொத்தமாக வந்தது. காரின் பின்பக்கம் வழுக்கி, சாலையை விட்டு இறங்கி, சில்வர் ஓக் மரத்தில் போய் நின்றது. தாரணியின் இடது கால் பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தது. நான் அப்போது உச்சியில், முடிவுக் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். மேலே நிற்பவனுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"இது சரிப்பட்டு வராது," என்றேன்.

தாரணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கதவு பட்டுனு தொறக்குது. முன்னாடியே கொஞ்சங் கொஞ்சமாத் தொறந்தா? சின்னது வேலை செய்யறப்பவே பெருசும் சுத்த ஆரம்பிச்சிருமல்ல?"

கதவை இயக்கும் கம்ப்யூட்டரில் அப்படியே கட்டளையை மாற்றி எழுதினேன். மாலைக்குள் பள்ளம் நிரம்பிவிட்டது. கோடு, கை வைத்துத் தடவலாம் போல வழுவழுவென்று ஏறியது. நான் மாற்றியமைத்த எஞ்சின்களில் இவ்வளவு அழகான கோட்டைப் பார்த்ததில்லை.

இனி சாக்கு எதுவும் இல்லை. அதாவது, இனி செய்ய வேண்டிய வேலை அதிகம் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி வேலைகள் முடிந்து இன்றுதான் நேரம் கிடைத்தது. மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையின் உள்சாலையில் ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தோம். காவலாளி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

தாரணி ஹெல்மெட் போட்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டி, சிறிது நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். பிறகு கிளம்பினாள். கிடங்கைச் சுற்றும் திருப்பத்தில் வேகம் விழுந்தது. சின்ன விசில். கார் தயங்கவே இல்லை. நேர்ப் பாதைக்கு வந்ததும் அடித்தொண்டைச் சத்தம். அவள் வரைந்தது போலவே.

திரும்பத் திரும்ப நின்று கிளம்பிப் பழகினாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாகக் கிளம்பும்போது கியர் விழாமல் பல்லை நறநறவென்று கடித்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் கடித்தது. எஞ்சின் நின்றது.

இறங்கி வந்தவள் முகம் வெளுத்திருந்தது. "கால் முழுசா மிதிக்கலண்ணா. மிதிச்சேன்னு நெனச்சேன்."

"களைப்பா இருக்கும்."

"ஆமா. ரொம்ப நாளாச்சல்ல."

கொஞ்ச நேரம் கழித்து நான் காரைக் கிளப்பிப் பார்த்தேன். கிளட்ச் சரியாகவே இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

மறுபடி மில். மறுபடி அதே கதை. முதலில் எல்லாம் சரி, சூடேறியபின் கியர் விழவில்லை.

தாரணி கிடங்கின் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கணுக்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகு எனக்குத் தெரிந்தது. தோள் குலுங்கியது.

நான் பானெட்டைத் திறந்தேன். கிளட்ச் எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்து பார்த்தேன். அதிலிருந்து இறங்கும் குழாயைத் தொட்டேன், கையை உடனே எடுத்துக்கொண்டேன். கிண்ணத்தை மூடினேன். பானெட்டையும் மூடினேன்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

ஒரு டாக்டரின் காருக்கு ஆயில் மாற்றினேன். வேறு வேலை இல்லை.

நவம்பர் 20, புதன்

தாரணி போன் செய்தாள். போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட்டாளாம்.

"நல்ல முடிவு," என்றேன்.

"ம்."

"உசுரு முக்கியமில்லயா?"

"ம். வெக்கறேண்ணா."

இன்று நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. சுபத்ரா தட்டைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 22, வெள்ளி

வங்கியிலிருந்து வந்ததும் சுபத்ரா பையைக்கூட வைக்காமல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். மழுப்பாமச் சொல்லோணும். தாரணி கால்ல கோளாறுன்னுதான அவ நெனச்சுட்டிருக்கறா?"

"ஆமா."

"அது உண்மையா?"

"இல்ல."

விவரமாகச் சொன்னேன். பெரிய டர்போவின் அனல் பக்கத்தில் போகும் கிளட்ச் குழாயில் ஏறுகிறது. நான் வைத்த வெப்பத் தடுப்புத் தகடு போதவில்லை. உள்ளே எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டுகிறது. குமிழி வந்துவிட்டால் எத்தனை பலமாக மிதித்தாலும் பெடல் வெறுமனே உள்ளே போகும், வேலை செய்யாது. ஆறிவிட்டால் பழையபடி ஆகிவிடும். இதற்கும் அவள் காலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. குழாயை வேறு வழியாகக் கொண்டுபோனால் தீர்ந்தது, இரண்டு நாள் வேலை.

"சொல்லாட்டி அவளே விட்டுருவான்னு தோணுச்சு. நான் தடுத்த மாதிரியும் இருக்காது," என்றேன்.

சுபத்ரா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அவ கீழ விழுந்தப்ப மேல நின்னுட்டிருந்தது நீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அதுக்கு இது வைத்தியமில்லீங்க. நாளைக்குப் போய்ச் சொல்லீருங்க."

இதை இங்கே எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் எவ்வளவு சின்ன வேலை அது, எவ்வளவு பெரிய பொய் என்று தெரிகிறது.

நவம்பர் 23, சனி

சரவணம்பட்டி போனேன். தாரணி அம்மாவோடு அங்கேதான் இருக்கிறாள். அம்மா காபி வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனாள்.

"அது உன்ற கால் இல்ல, தாரணி. கிளட்ச் எண்ணெய் கொதிக்குது. அந்த நேரத்துல நான் மிதிச்சிருந்தாலும் கியர் விழுந்திருக்காது."

அவள் முகம் முதலில் மலர்ந்தது. அதை எழுதியே ஆக வேண்டும். கண்ணை அகல விரித்து, தன் காலைக் குனிந்து பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர்களைப் பார்ப்பது போல. பிறகு நிமிர்ந்தாள்.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

இன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். "போன ஞாயித்துக்கெழம."

"மில்லுல வெச்சேவா?"

"ஆமா."

"நான் படில உக்காந்து அழுதுட்டிருந்தப்பவா?"

தலையை ஆட்டினேன்.

"ஒரு வாரமா நான் என்ற காலத் திட்டிட்டிருக்கறேன். குளிக்கறப்ப அதப் பாக்கவே புடிக்கல. ரெண்டு வருசமாக் கெஞ்சி, கொஞ்சி, அத என்கூடக் கூட்டிட்டு வந்தேண்ணா. நீ ஒரே வாரத்துல அத எனக்கு ஆகாததாப் பண்ணிப்போட்ட."

"நீ மறுபடி விழுந்துருவியோன்னு பயந்துட்டேன்."

"பயந்தா பயமா இருக்குதுன்னு சொல்லோணும். சண்டை போடோணும். உன்ற பயத்தக் கொண்டாந்து எதுக்கு என்ற கால்ல கட்டி உட்ட?"

காபி ஆடை கட்டிப்போனது. மாடியிலிருந்து அம்மா இறங்கும் சத்தம் கேட்டதும் தாரணி, "நீ போ," என்றாள்.

நவம்பர் 24, ஞாயிறு

போட்டி நடத்தும் குழுவில் பதிவைப் பார்க்கிற சம்பத் சார் வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற பிறகு இதையே முழுநேர வேலையாக வைத்திருக்கிறவர். வராந்தாவில் நாலைந்து ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகம்.

"உங்க தங்கச்சி உடம்புக்கு முடியலைன்னு பேர எடுத்துட்டாங்களே?"

"அவ உடம்புல ஒண்ணுமில்லீங் சார். கார்லதான் கோளாறு. அது எனக்குத் தெரியும், நான் அவகிட்டச் சொல்லல."

ஒருவர் செல்போனைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். சம்பத் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல?"

"பயமுங் சார்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அவங்க எடத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. கடைசில ஒரு எடம் வேணா போடறேன். ஆனா சாயங்காலம் அந்த மலைல மூடுபனி எறங்கும். அதையும் இப்பவே அவங்ககிட்டச் சொல்லீருங்க."

தாரணிக்குச் செய்தி அனுப்பினேன். கடைசி இடம், மூடுபனி, அதற்குக் காரணம் நான், எல்லாம் எழுதினேன். படித்துவிட்டாள். பதில் வரவில்லை.

நவம்பர் 30, சனி

கிளட்ச் குழாயைப் பிடுங்கி, காரின் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனேன். யூசுப் பெரிய டர்போவுக்கு இரட்டைத் தகட்டில் கவசம் செய்து வந்தான்.

பதினோரு மணிக்கு தாரணி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"யூசுப்பண்ணா, அந்தக் குழாய் ஆடாம இருக்க ரெண்டு எடத்துல கிளிப் போடச் சொல்லுங்க."

நான் காருக்கு அடியில், அவள் காலிலிருந்து ஒரு முழ தூரத்தில் படுத்திருந்தேன். யூசுப் குனிந்து, "ரெண்டு எடத்துல கிளிப் போடணுமாம்," என்றான்.

"போட்டாச்சுன்னு சொல்லு," என்றேன்.

"போட்டாச்சாம்."

"மூணாப் போடச் சொல்லுங்க."

இப்படியே மதியம் வரை. யூசுப் கடைசியில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, "நான் வெல்டரா, தபால்காரனா?" என்று கேட்டான். தாரணி உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். சிரித்தாளா என்று அடியிலிருந்து தெரியவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மில். எத்தனை தடவை நின்று கிளம்பினாள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தது. கவசத்தின் மேல் தண்ணீர் தெளித்தால் சீறுகிறது. பக்கத்தில் இப்போது குழாயே இல்லை.

என் அருகே வந்து காரை நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். "உக்காரு."

இந்தப் பதினைந்து நாளில், "நீ போ" என்றதற்குப் பிறகு, என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை இது. உட்கார்ந்தேன். அவள் ஓட்டும் காரில் நான் பந்தய வேகத்தில் உட்கார்ந்ததே கிடையாது. எப்போதும் வெளியே நின்று காது கொடுத்துக் கேட்கிறவன்.

கிளம்பிய வேகத்தில் தலை இருக்கையில் ஒட்டிக்கொண்டது. கிடங்குச் சுவர் எங்கள் மேல் விழுவது போல வந்தது. நான் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதித்தேன். அவள் மிதிக்கவில்லை. இன்னும் மிதிக்கவில்லை. பிறகு மிதித்தாள், திருப்பினாள், சின்ன விசில் கேட்டபோது நாங்கள் ஏற்கெனவே திருப்பத்துக்கு வெளியே இருந்தோம். அவள் கண் சாலையில் எனக்குத் தெரியாத ஒரு தூரத்தில் இருந்தது. தான் என்ன செய்கிறோம் என்று இவளுக்குத் தெரியும். வெளியே நின்றால் இது தெரியாது.

நிறுத்தியபின் கேட்டாள். "பயமா இருந்துதா?"

"இருந்துது."

"எனக்குந்தான். கெளம்பறப்ப எப்பவும் இருக்கும்." ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இப்படிச் சொல்லீட்டாப் போதும்ணா."

டிசம்பர் 21, சனி

எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தோம். குளிர். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சாலை மேலே மேலே மடிந்து போகிறது. காரைச் சோதித்த அதிகாரிகள் இரண்டு டர்போவையும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். தாரணி மாலையில் சாலை முழுவதையும் நடந்தே ஏறினாள். நானும் கூடப் போனேன். சில்வர் ஓக் மரத்தருகே அவள் நிற்கவில்லை, நான்தான் நின்றேன். பட்டையில் வெட்டு இன்னும் இருக்கிறது. ஓரமெல்லாம் புதுப் பட்டை மூடி வளர்ந்திருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

காலையிலிருந்து வெயில். ஒவ்வொரு காராக மேலே ஏறியது. மூன்று மணிக்குமேல் சம்பத் சார் சொன்னது போலவே பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வந்தது. தாரணி கிளம்பும் நேரத்தில் கீழ்ச் சாலை தெளிவாக இருந்தது, மேல் வளைவுகள் வெள்ளையாக இருந்தன.

"வேண்டான்னா இப்பவும் சொல்லு," என்றேன். பிறகு, "எனக்குப் பயமா இருக்குது," என்றும் சொன்னேன்.

"தெரியுது. மேல போய் நில்லு. வர்றேன்."

ஜீப்பில் உச்சிக்குப் போய் முடிவுக் கோட்டில் நின்றேன். பக்கத்தில் சுபத்ராவும் யூசுப்பும். கீழே எஞ்சின் உறுமியது. முதல் வளைவு, மெல்லிய விசில். உடனே அடித்தொண்டை. மறுபடி மெல்லியது. கைமாறும் இடம் தெரியவே இல்லை. யூசுப் என் முதுகில் தட்டினான்.

பாதி மலை ஏறியிருப்பாள். சத்தம் நின்றது.

குறைந்து நிற்கவில்லை. சட்டென்று நின்றது. பனியில் ஒன்றும் தெரியவில்லை. சுபத்ரா என் கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. நான் ஓடத் தொடங்கியிருப்பேன். அதற்குள் அதிகாரியின் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"மேல் வளைவுல காட்டுமாடு. ரோட்டு நடுவுல நிக்குது. கார் நின்னுருச்சு. டிரைவர் நல்லா இருக்காங்க."

காட்டுமாடு. அவள் பனிக்குள் அதைப் பார்த்து, கார் திரும்பாமல், வழுக்காமல், நேராக நிறுத்தியிருக்கிறாள். எஞ்சின் அணைந்துவிட்டது. மாடு அவளைப் பார்த்துக்கொண்டு அசைபோட்டதாம். இவளும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கடைசியில் அது தேயிலைக்குள் இறங்கிப் போனது.

இப்போது செங்குத்தான ஏற்றத்தில், ஈரச் சாலையில், நின்ற காரைக் கிளப்ப வேண்டும். கிளட்சை முழுவதும் மிதித்து, முதல் கியர் போட்டு, பின்னால் உருளாமல், சக்கரம் சுழலாமல், மெதுவாக விட வேண்டும். இடது காலால். இந்த ஒன்றைத் தவிர்க்கத்தான் இரண்டு டர்போவும் மாட்டினோம்.

எஞ்சின் கிளம்பிய சத்தம் வந்தது. கியர் கடிக்கிற சத்தம் வரவில்லை. பிறகு, மெல்லிய விசில்.

பனியைக் கிழித்துக்கொண்டு இரண்டு விளக்குகள் வந்தன. கோட்டைத் தாண்டி நின்றாள். இறங்கியவள் கார்மேல் சாய்ந்து சிரித்தாள். புகையில் தெருவே இருமிய அன்று சிரித்த சிரிப்பு.

"அண்ணா, மாடு மேல மோதியிருந்தா எந்த இன்சூரன்ஸ்ல கேக்கறது?"

வழியில் தடை வந்ததால் இன்னொரு முறை ஓடலாம் என்றார்கள். அதற்குள் பனி முழு மலையையும் மூடிவிட, போட்டியை முடித்துவிட்டார்கள். எங்கள் பிரிவில் தாரணி கடைசி.

இறங்கும்போது என்னை ஓட்டச் சொன்னாள். "கால் வலிக்குது."

"நான் அப்பவே…"

"வலது காலுண்ணா. அந்த மாட்டுக்கு பிரேக் அடிச்சது." சொல்லிவிட்டு அடுத்த வளைவுக்குள் தூங்கிப்போனாள்.

டிசம்பர் 25, புதன்

விடுமுறை என்று தாமதமாகப் பட்டறைக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. தாரணி பானெட்டைத் திறந்து வைத்து, அதன் மேல் புது வரைபடம் ஒன்றை விரித்திருந்தாள்.

"பிப்ரவரில இன்னொரு மலை இருக்குது. இதவிட நீளம். நடுவுல நேர்ப் பாதை ஜாஸ்தி. ரெண்டாவது கியர் பத்தாது, மூணாவது வேணும்."

"மூணாவதுக்கு மாத்தோணும்னா ஒவ்வொரு தடவையும் கிளட்ச் மிதிக்கோணும்."

"ஆமா," என்றாள் தாரணி, வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல். "மிதிக்கறேன்."